அரக்கு படாத சாவி

"பிளெட்ஜ்" என்றார் பேங்க் கிளையின் தலைவரான ஏஜென்ட். அந்த ஒரு வார்த்தையை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டால் எதிரே இருக்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைக்கிறவர் போலச் சொன்னார். "கடலூர் குடோனும் பிளெட்ஜ், சிதம்பரம் குடோனும் பிளெட்ஜ். அதுக்கு மேல நான் சொல்ல என்ன இருக்கு?"

எதிரே இருந்த இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் துப்பறியும் சபாபதி. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு, மடியில் எப்போதும் ஒரு குடை. மற்றவன் அவருடைய உதவியாளன் இருதயசாமி. பயம் வந்தால் இருதயசாமிக்கு வாய் நீளும் என்பது சபாபதிக்குத் தெரியும். அன்று சனிக்கிழமை காலை கடலூர் என்.டி. என்கிற புது டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அவன் வாய் மூடவே இல்லை.

காரணம் இருந்தது. காணாமல் போனவன் அவனுடைய தங்கை ஆரோக்கிய ராணியின் புருஷன் அந்தோணிசாமி. அந்த பேங்க்கில் குடோன் கீப்பர். புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. சரக்கில் கைவைத்துவிட்டு ஓடிவிட்டான் என்று அதற்குள் ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. பண்ருட்டியில் அவன் மெட்ராஸ் பஸ் ஏறியதைப் பார்த்ததாக ஒரு லாரி டிரைவர் போலீசில் சொல்லியும் விட்டான். நேற்று மாலை கோயிலில் ஆரோக்கிய ராணி உட்கார்ந்த பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை.

"எனக்கு இந்த இங்கிலீஷ் எல்லாம் வெளங்காது சார்," என்றான் ஏஜென்ட்டிடம். "பிளெட்ஜ்னா இன்னா?"

"வியாபாரிக்குக் கடன் குடுக்கறோம். அதுக்கு ஈடா சரக்கு எங்க கைக்கு வந்துடணும். குடோன் அவரோடது, பூட்டு எங்களோடது. எங்க ஆள் வந்து தொறந்தாத்தான் வியாபாரியே தன் சரக்கைக் கண்ணால பார்க்க முடியும்."

"அடகுக் கடையில நகை வெக்கிற மாதிரி."

"அதேதான்."

"அப்ப எங்க வீட்டு அண்டாகூட பிளெட்ஜ்லதான் இருக்கு. இத்தினி நாளா பேரு தெரியாம இருந்துட்டேன்."

ஏஜென்ட் சிரிக்கவில்லை. சபாபதி கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "சாவி ரெண்டும் இருக்குதா?"

ஏஜென்ட் இரும்புப் பெட்டியைத் திறந்து இரண்டு சாவிகளை எடுத்துக் காட்டினார். பித்தளை வில்லை கோத்த பெரிய சாவிகள். ஒன்றில் கடலூர் என்றும் மற்றதில் சிதம்பரம் என்றும் பொறித்திருந்தது. கடலூர்ச் சாவியின் பற்களில் சிவப்பாக என்னவோ அப்பியிருந்தது. சிதம்பரம் சாவி பளபளவென்று இருந்தது. சபாபதி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சிதம்பரத்துச் சாவிய ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க."

"சுத்தம் எங்க பேங்க் பழக்கம்."

"அத எடுத்துக்கிட்டு இப்பவே போய்த் தொறந்து பார்த்துடலாமா?"

"முடியாது. திங்கட்கிழமை மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஆடிட்டர் வர்றார். அவர் முன்னாலதான் தொறக்கணும். சரக்கு எவ்வளவு போயிருக்குன்னு அப்பத் தெரிஞ்சிடும்."

"போயிருக்குன்னு தொறக்காமலே எப்படித் தெரியும்?"

ஏஜென்ட் சாவிகளை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். "ஓடினவன் சும்மாவா ஓடுவான்?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். அந்த மூடுகிற சத்தம் இருதயசாமிக்குப் பிடிக்கவில்லை.

அங்கிருந்து நேராக ஓ.டி. என்கிற பழைய டவுனுக்குப் போனார்கள். துறைமுகத்துப் பக்கம் உப்புக் காற்றில் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்த கிடங்கு. முந்திரி வியாபாரி சுப்புராயனுடையது. சிதம்பரத்துக் கிடங்கும் அவருடையதுதான். கதவின் மேல் ஒரு பலகை தொங்கியது. 'பேங்க்குக்கு பிளெட்ஜ் செய்த சரக்கு. தொடாதே.' எழுத்தைப் பார்த்ததுமே இருதயசாமிக்குத் தெரிந்துவிட்டது. மாதா கோயில் திருவிழாவுக்கு போர்டு எழுதுகிற அதே கை. 'தொடாதே'யின் கொம்பைக் கொக்கி போல வளைப்பது அந்தோணிசாமிக்கு ஒரு பெருமை.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த வேலம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"அந்தோணி ஓடறவரு இல்லீங்க. பூட்டப் பாருங்க, கொழந்தைக்குச் சட்டை போட்ட மாதிரி வெச்சிருக்காரு."

பூட்டைக் காடாத் துணியால் சுற்றித் தைத்திருந்தது. சாவித் துவாரத்துக்கு நேரே துணியின்மேல் சிவப்பு அரக்கு ஊற்றி முத்திரை குத்தியிருந்தது. திறக்கும்போதெல்லாம் அரக்கை உடைத்துத்தான் சாவி போடவேண்டும். திரும்பப் பூட்டினதும் புதுத் துணி, புது அரக்கு.

"நெலையில சந்தனம் குங்குமம் வெச்சிருக்கே, யாரு வெச்சது?" என்று கேட்டார் சபாபதி.

"மொதலாளிதான். வெள்ளிக்கிழம தவறாம வந்து தன் பூட்டுங்களுக்கு எல்லாம் பொட்டு வெப்பாரு. கட, மில்லு, வீட்டுப் பீரோன்னு ஒண்ணு வுடமாட்டாரு. மொத மொத இந்தப் பூட்டுக்கும் வெக்க வந்தாரு. அந்தோணி கையப் புடிச்சிட்டாரு. இது பேங்க் பூட்டு மொதலாளி, உங்க பூட்டு இல்ல, அரக்குமேல எதுவும் படக்கூடாதுன்னு சொன்னாரு. அதுலேர்ந்து நெலையில மட்டும்தான் வெக்கிறாரு."

"அந்தோணி கடேசியா இங்க வந்தப்ப இன்னா பண்ணாரு?"

"போர்டு தேடிக்கிட்டிருந்தாரு. இதே மாதிரி ரெண்டு எழுதினாருங்க. ஒண்ணு மாட்டிட்டு ஒண்ண உள்ள வெச்சிருந்தாரு. அதக் காணோமாம். பேங்க் சொத்து, ஏஜென்ட் ஐயாகிட்ட சொல்லிடணும்னு சொல்லிக்கிட்டே போனாரு. புதன்கிழம சாயந்தரம்."

"பலகைய எவன் திருடுவான்?" என்றான் இருதயசாமி. "வெறகுக்குக்கூட நல்லா எரியாது."

சபாபதி குடையை விரித்துக்கொண்டு ரயிலடியைப் பார்க்க நடந்தார். அவர் அப்படி வேகமாக நடந்து இருதயசாமி அதிகம் பார்த்ததில்லை.

சிதம்பரம் பாசஞ்சரில் கூட்டம் இல்லை. மழைத் தண்ணீர் நின்ற வயல்கள் ஜன்னலில் ஓடின. புதுச்சத்திரம் தாண்டியதும் சபாபதி தானாகவே பேச்செடுத்தார்.

"இருதயம், பேங்க்ல இன்னொரு வார்த்த இருக்குது. ஹைபாதிகேஷன்."

"பேரக் கேட்டாலே காய்ச்சல் வருது."

"விஷயம் சின்னதுதான். அதுவும் சரக்குமேல கடன்தான். ஆனா சரக்கு வியாபாரிகிட்டவே இருக்கும். பூட்டு அவரோடது, சாவி அவரு மடியில. இவ்வளவு சரக்கு இருக்குதுன்னு அவரு எழுதிக் குடுப்பாரு, பேங்க் நம்பும்."

"நகை பொண்டாட்டி கழுத்துலயே இருக்கும், கடனும் கெடைக்கும். எங்க ஊர் சேட்டுக்கு இது தெரியாது போல."

"சரி, சரக்கு காணாமப் போச்சுன்னு வெச்சுக்க. ஹைபாதிகேஷன்னா யாரப் புடிப்பாங்க?"

"வியாபாரிய."

"பிளெட்ஜ்னா?"

இருதயசாமி வாயைத் திறந்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பிளெட்ஜ் என்றால் பூட்டினவனைப் பிடிப்பார்கள். குடோன் கீப்பரை.

"வார்த்தைய மாத்திட்டா திருடன் மாறிடறான்," என்றார் சபாபதி. "சரக்கு போனதுக்கு அப்புறம்கூட மாத்தலாம். ஆனா இது என் பூட்டே இல்லன்னு சொல்ற ஆள் ஒருத்தன் இருப்பான். அவன் வாயத் தொறக்கக்கூடாது."

வண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. ஆறு கலங்கி, கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது. இருதயசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தான்.

சிதம்பரத்தில் இறங்கியதும் சபாபதி முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். சப்-இன்ஸ்பெக்டர் பழனிவேல் பழைய பழக்கம். கீழ வீதிக் கடையிலிருந்து சுப்புராயனைக் கிடங்குக்குக் கூட்டி வரச் சொல்லிவிட்டு, அவரும் இருதயசாமியும் ஒரு ஜட்கா பிடித்து முன்னால் போனார்கள்.

வண்டிகேட்டைத் தாண்டி, ஒரு நெல் மில்லுக்குப் பக்கத்தில் கிடங்கு தனியாக நின்றது. மில் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே பாதி காதில் விழவில்லை. ஜன்னல் கிடையாது. தேக்குக் கதவு. கதவில் துணி சுற்றிய பூட்டு, சிவப்பு அரக்கு. அதற்கு மேலே ஒரு பலகை. 'பேங்க்குக்கு பிளெட்ஜ் செய்த சரக்கு. தொடாதே.'

கொக்கி போல வளைந்த கொம்பு. காணாமல் போன பலகை இங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

எதிரே தனக்கோடி என்பவரின் டீக்கடை. சபாபதி இரண்டு டீ சொன்னார். "இந்த போர்டு எப்பத்திலேர்ந்து தொங்குது?"

"இந்த வாரந்தாங்க. மின்ன சுப்புராயன் மொதலாளியே வந்து தொறப்பாரு, மூடுவாரு. இப்ப பேங்க் கைக்குப் போயிடுச்சு. யாரும் கிட்டப் போறதில்ல." தனக்கோடி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஆனா சரக்கு வீணாப் பூடும் பாருங்க. உள்ள பெருச்சாளி பூந்துடுச்சு. புதன்கிழம ராத்திரியிலேர்ந்து ஒரே உருட்டல். கதவ வந்து வந்து முட்டும்."

இருதயசாமி டீக் கிளாஸைக் கீழே வைத்தான். "இப்ப?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து சத்தம் இல்ல. செத்துப்போச்சோ இன்னாவோ."

அவன் தெருவைத் தாண்டி ஓடியது அவனுக்கே தெரியாது. கதவில் காதை வைத்தான். மில் சத்தம்தான் மரத்தில் அதிர்ந்தது. "மச்சான், நான் இருதயம்," என்று கத்தினான். ஒன்றும் இல்லை. கையில் அகப்பட்ட கருங்கல்லைத் தூக்கிப் பூட்டுக்கு ஓங்கும்போது பின்னாலிருந்து நாலைந்து கைகள் அவனைப் பிடித்தன. டீக்கடையில் இருந்தவர்களும் மில் ஆட்களும் ஓடிவந்துவிட்டார்கள்.

"சீல் வெச்ச பூட்டுய்யா. தொட்டா எங்க எல்லாரையும் சேத்து உள்ள வெச்சிடுவாங்க."

"உள்ள ஒரு ஆள் இருக்கான்யா. என் தங்கச்சி புருஷன்."

"பேங்க் குடோன்ல ஆள் எப்படிய்யா இருப்பான்? பேங்க்காரங்க வரட்டும்."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் பயங்கரம். ஒவ்வொருவனும் நல்ல பிள்ளையாகச் சட்டத்துக்கு பயந்து அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். இருதயசாமி அழுதுவிட்டான். அந்தச் சமயத்தில் சபாபதி பூட்டின் எதிரே குனிந்து, குடையின் முனையால் அரக்கைக் காட்டிச் சொன்னார்.

"அழாத இருதயம். இதப் பாரு."

அரக்கு முத்திரைக்குச் சற்றுக் கீழே, துணியின்மேல், ஒரு சந்தனக் கீற்று. அதன் நடுவில் குங்குமப் பொட்டு. நேற்று வெள்ளிக்கிழமை. சந்தனம் இன்னும் வெடிக்கக்கூட இல்லை.

ஜீப் வந்து நின்றது. பழனிவேலோடு சுப்புராயன் இறங்கினார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, வருத்தமான முகம்.

"நான் இன்னா பண்ண முடியும் சார்? பிளெட்ஜ். என் குடோன்தான், ஆனா நானே உள்ள போக முடியாது. அந்தோணி இப்படிப் பண்ணுவான்னு யாரு கண்டா? எங்க லாரி டிரைவரு பண்ருட்டியில அவன நேரா பார்த்திருக்கான்."

"உங்க லாரி டிரைவரா?" என்றார் சபாபதி. "அது எனக்குத் தெரியாது. சரி, இது உங்க பூட்டு இல்ல?"

"இல்லைங்க. பேங்க் பூட்டு."

"சப்-இன்ஸ்பெக்டர் முன்னால சொல்றீங்க."

"சத்தியமா சொல்றேன். எனக்கும் இந்தப் பூட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"நேத்து பொட்டு வெச்சது யாரு?"

சுப்புராயனின் கண் பூட்டுக்குப் போய்த் திரும்பியது. அவ்வளவு கணக்குப் போட்ட மனுஷன், பலகை மாட்டி, துணி தைத்து, அரக்கு ஊற்றி எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த மனுஷன், வெள்ளிக்கிழமை காலையில் தன் பூட்டைப் பொட்டில்லாமல் விட்டுப் போக முடியாமல் தோற்றுப்போனார். மூளை மறந்துவிட்டது, கை மறக்கவில்லை.

"யாராவது வெச்சிருப்பாங்க. பக்தி உள்ள ஊரு."

"இருக்கலாம். ஆனா பேங்க்காரங்க அரக்குகிட்ட ஈ உக்காரக்கூட விடமாட்டாங்க. ஓ.டி.யில அந்தோணி உங்க கையையே புடிச்சிருக்காரு. அதனால இது பேங்க் பூட்டு இல்ல. உங்க பூட்டும் இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டீங்க." சபாபதி பழனிவேலைப் பார்த்துத் திரும்பினார். "ஊர்ல யாருக்கும் சொந்தமில்லாத பூட்டு. உடைச்சா கேக்கறதுக்கு ஆள் கெடையாது. கடப்பாறை இருக்குதா?"

இருதயசாமியைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விட்டன. ஜீப்பிலிருந்து கடப்பாறை வந்தது. கான்ஸ்டபிள் அதைக் கதவின் இடுக்கில் கொடுத்து நெம்பினார். தேக்கு முனகியது. கதவின் ஓரத்தில் ஒரு சிராய் தெறித்தது.

"கதவ உடைக்காதீங்க," என்றார் சுப்புராயன் மெல்லிய குரலில். "பர்மா தேக்கு. எங்கப்பா போட்டது." அவர் கை தானாக மடிக்குப் போனது. சாவிக்கொத்து வெளியே வந்தது.

உள்ளே ஒரு உயிர் போகிறதைத் தெரிந்துகொண்டே பூட்டுக்குப் பொட்டு வைத்த கை, ஒரு கதவு கீறுவதைப் பொறுக்கவில்லை. இருதயசாமிக்கு அந்த ஆளை அடிக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அருவருப்பாக இருந்தது.

கதவு திறந்தது. முன்வரிசையில் மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கான்ஸ்டபிள் ஒன்றைக் குத்திப் பார்த்தார். உமி கொட்டியது. அந்த ஒரு வரிசைக்குப் பின்னால் கிடங்கு முழுக்கக் காலி. முந்திரி வாசனைகூட மிச்சம் இல்லை. ஓடு ஒழுகி ஓரிடத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் அந்தோணிசாமி குப்புறக் கிடந்தான். கை இரண்டும் முட்டிகளில் தோல் உரிந்து, ரத்தம் காய்ந்திருந்தது.

இருதயசாமி அவனைப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டான். மூச்சு இருந்தது. தனக்கோடி டீக்கடையிலிருந்து சுடுதண்ணீர் கொண்டுவந்தார். உதடு நனைந்ததும் அந்தோணிசாமி கண்ணைத் திறந்தான்.

"ராணி?" என்றான்.

"நல்லா இருக்குது. உன்னைத்தான் தேடுது. யாரு மச்சான் உன்ன உள்ள வெச்சுப் பூட்டினது? இந்த ஆளா?"

அந்தோணிசாமி தலையை அசைத்தான். இல்லை என்று அசைத்தான். சுப்புராயனைப் பிடித்திருந்த பழனிவேல்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"ஏஜென்ட் ஐயா. போர்டு காணோம்னு சொல்லப் போனேன். வா, சிதம்பரத்துல இருக்குதான்னு பார்த்துட்டு வந்துடலாம்னு கார்ல கூட்டியாந்தாரு. மொதலாளி சாவியாலயே கதவத் தொறந்து, நீ உள்ள போய் மூட்டைய எண்ணுன்னாரு, போனதும் பூட்டிட்டாரு."

சபாபதி கிராம்பைத் துப்பினார். "அவரு காட்டின சாவியில அரக்கே படல இருதயம். எந்தப் பூட்டுக்கும் போகாத சாவி. திங்கட்கிழம அதுங்கூட ஒரு பூட்டையும் சேத்துக் கொண்டாந்து இங்க மாட்டியிருப்பாரு. ஆடிட்டர் முன்னால தொறந்தா வெறும் குடோன், ஓடிப்போன கீப்பர்."

"மச்சான் உள்ள இருப்பானே?"

"இன்னைக்கு சனிக்கிழம," என்றார் சபாபதி. "நடுவுல ஒரு ஞாயித்துக்கிழம இருக்குது. வெள்ளாத்துல தண்ணியும் கரைபுரண்டு போவுது." பிறகு பழனிவேலிடம், கடலூருக்கு உடனே போன் போடவேண்டும், பேங்க்கு மூடுகிற நேரம், ஏஜென்ட்டின் கார் கிளம்பிவிடக் கூடாது என்றார். பழனிவேல் மில்லின் ஆபீஸ் அறைக்கு ஓடினார். யாரோ போய்ச் சொல்லி மில்லை நிறுத்தினார்கள். அந்த இடமே சட்டென்று அமைதியாகிவிட்டது.

"மெதுவா மூச்சு வுடு மச்சான்," என்றான் இருதயசாமி. "ஏன்யா, ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா? மாதா கோயில்ல பாட்டுப் படிச்சா அடுத்த பங்குக் கோயில் வரைக்கும் கேக்குமே உன் தொண்ட."

"குடுத்தேன். மில்லு நிக்கற நேரமாப் பார்த்துக் கத்தினேன். மொத நாளே ஒரு ஆள் கதவுகிட்ட வந்தான். வாய்க்குள்ளயே எழுத்துக் கூட்டிப் படிச்சான். எனக்குக் கேட்டுச்சு."

"என்ன படிச்சான்?"

அந்தோணிசாமி பார்வை வாசலுக்குப் போனது. திறந்த கதவில் அவன் எழுதிய பலகை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே தனக்கோடி, வெறும் கிளாஸைக் கையில் பிடித்தபடி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"தொடாதேன்னு படிச்சான். படிச்சிட்டு, சரிதான்னு போயிட்டான் மச்சான்."